வீட்டுத் திரையரங்கு ரிசீவர்களில் உள்ளீடு மாற்றும் சிக்கல்கள்

வீட்டுத் திரையரங்கு ரிசீவர் என்பது, பல மூலக்கருவிகளில் இருந்து வரும் படத்தையும் ஒலியையும் பெற்று, அவற்றுள் பயனர் தேர்ந்தெடுக்கும் ஒன்றின் படத்தைத் தொலைக்காட்சிக்கும், ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பும் இலத்திரனியல் கருவி ஆகும். புளூரே இயக்கி, செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டி, விளையாட்டுக் கருவி, கணினி முதலியன மூலக்கருவிகளுக்கு எடுத்துக்காட்டுகள். ஒரு மூலக்கருவியில் இருந்து மற்றொன்றுக்கு மாறுவது உள்ளீட்டு மாற்றம் எனப்படும். இவ்வாறு மாறும்போது படம் வராதிருத்தல், ஒலி வராதிருத்தல், கட்டளை இன்றியே வேறு உள்ளீட்டுக்கு மாறிவிடுதல் ஆகியன இக்கட்டுரையில் உள்ளீடு மாற்றும் சிக்கல்கள் எனக் குறிப்பிடப்படுகின்றன.

இச்சிக்கல்கள் தோன்றும்போது ரிசீவர் பழுதடைந்துவிட்டது என்று கருதுவது வழக்கம். ஆனால் எச்டிஎம்ஐ இணைப்புக் கொண்ட கருவிகளில், உள்ளீட்டை மாற்றும் சுற்று சரியாக இயங்கியும் திரை கருமையாகவே இருக்கக்கூடும். கருவிகள் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வராமையும், அமைப்புப் பட்டியலில் உள்ள பிழையும் இதற்குக் காரணமாகலாம். எனவே கருவியைப் பழுதுபார்க்க அனுப்புவதற்கும் புதியது வாங்குவதற்கும் முன்னர், சிக்கல் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

== உள்ளீட்டின் பெயரும் இணைப்புத் துளையும் ==

ரிசீவரின் முகப்பில் தோன்றும் டிவிடி, புளூரே, கேம், டிவி ஆடியோ போன்ற சொற்கள் உள்ளீடுகளின் பெயர்கள் மட்டுமே. பின்புறத்தில் உள்ள இணைப்புத் துளைகள் இவற்றினின்றும் வேறானவை. எந்தப் பெயருக்கு எந்தத் துளை உரியது என்பதை ரிசீவரின் அமைப்புப் பட்டியல் தீர்மானிக்கின்றது. இது உள்ளீட்டு ஒதுக்கீடு எனப்படும்.

பல ரிசீவர்களில் ஒரே பெயருக்குப் படத் துளை ஒன்றையும் ஒலித் துளை வேறொன்றையும் தனித்தனியே ஒதுக்கலாம். எடுத்துக்காட்டாக, "டிவிடி" என்னும் பெயருக்குப் படம் எச்டிஎம்ஐ 2 இல் இருந்தும், ஒலி ஒளியிழைத் துளையில் இருந்தும் வருமாறு அமைக்க முடியும். முன்னர் ஒருவர் அவ்வாறு அமைத்துவிட்டுப் பின்னர் ஒளியிழை வடத்தைக் கழற்றிவிட்டால், படம் வரும், ஒலி வராது. கருவியில் பழுது எதுவும் இல்லாமலேயே இந்நிலை ஏற்படுகின்றது.

== வளர்ச்சி ==

தொடக்ககால ஒலி-ஒளி ரிசீவர்களில் படமும் ஒலியும் ஒப்புமைக் குறிகைகளாக இருந்தன. மஞ்சள் நிறச் செருகியில் கூட்டுக் காணொளியும், சிவப்பு, வெள்ளைச் செருகிகளில் ஒலியும் வந்தன. ரிலேக்கள் அல்லது குறைகடத்திச் சாவிகள் அவற்றுள் ஒன்றை வெளியீட்டுடன் இணைத்தன. மின்கம்பி ஒன்றை விடுத்து மற்றொன்றைத் தொடுவது போன்றதே இம்முறை. மூலக்கருவிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே உரையாடல் ஏதும் தேவைப்படவில்லை.

அக்காலக் கருவிகளில் பல, ஒரு வகைப் படக் குறிகையை மற்றொரு வகையாக மாற்றித் தரவில்லை. கூட்டுக் காணொளியாக உள்ளே வந்த படம் கூட்டுக் காணொளியாகவே வெளியேறும். மூலக்கருவியை மஞ்சள் செருகியிலும் தொலைக்காட்சியை மூன்று செருகிகள் கொண்ட கூறுக் காணொளியிலும் இணைத்தால் படம் தோன்றாது. பழைய ரிசீவர்களைப் பயன்படுத்துவோர் இதனை இன்றும் கருத்திற்கொள்ள வேண்டும்.

எச்டிஎம்ஐ தரத்தின் முதற் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது. இட்டாச்சி, மட்சுசிட்டா, பிலிப்சு, சிலிக்கன் இமேச்சு, சோனி, தாம்சன், தோசிபா ஆகிய நிறுவனங்கள் இதனை உருவாக்கின. படத்தையும் பலவழி ஒலியையும் 19 ஊசிகள் கொண்ட ஒரே செருகியில் இது கொண்டுவந்தது. 2009 இல் வெளியான 1.4 பதிப்பு, தொலைக்காட்சியின் ஒலியை அதே வடத்தில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி முறையை அறிமுகப்படுத்தியது. 2013 இல் 2.0 பதிப்பும், 2017 இல் 2.1 பதிப்பும் வெளியாயின. வடங்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் சாவியைத் தட்டியதும் படம் தோன்றும் எளிமை இல்லாமற் போயிற்று.

== எச்டிஎம்ஐ இணைப்பில் நடைபெறுவன ==

எச்டிஎம்ஐ உள்ளீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடன் பின்வரும் நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன.

1. இணைப்பை உணர்தல்: மூலக்கருவி 18 ஆம் ஊசியில் 5 வோல்ட்டு மின்னழுத்தத்தை அனுப்புகின்றது. மறுமுனையில் உள்ள கருவி, தான் ஆயத்தமாக இருப்பதை 19 ஆம் ஊசி வழியாகத் தெரிவிக்கின்றது.

2. திறன் அறிதல்: மறுமுனைக் கருவி எவ்வகைப் படங்களையும் ஒலிகளையும் ஏற்கும் என்பது ஈடிஐடி எனப்படும் தரவில் எழுதப்பட்டுள்ளது. 128 பைட்டுகள் கொண்ட தொகுதிகளாக உள்ள இத்தரவை மூலக்கருவி 15, 16 ஆம் ஊசிகள் வழியாகப் படிக்கின்றது. ரிசீவர் இடையில் இருக்கும்போது, தொலைக்காட்சியின் படத்திறனையும் தனது ஒலித்திறனையும் சேர்த்து ஒரு புதிய ஈடிஐடியைத் தொகுத்து அளிப்பது வழக்கம்.

3. உரிமை சரிபார்த்தல்: படியெடுத்தலைத் தடுக்கும் எச்டிசிபி முறைப்படி, மூலக்கருவியும் மறுமுனைக் கருவியும் மறையீட்டுச் சாவிகளைச் சரிபார்த்துக்கொள்கின்றன. ரிசீவர் இங்கு இடைநிலைக் கருவி. ஆகவே தனக்கு அப்பால் உள்ள தொலைக்காட்சியின் அடையாளத்தையும் அது மூலக்கருவிக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. படமும் ஒலியும் அனுப்புதல்: மேற்கூறியவை நிறைவேறிய பின்னரே காப்புப் பெற்ற படம் வழங்கப்படுகின்றது.

இவற்றுள் எந்தப் படி தடைப்பட்டாலும் பயனர் காண்பது ஒன்றே: கருமையான திரை. உரிமை சரிபார்த்தல் ஒருமுறையுடன் முடிவதில்லை. எச்டிசிபி 1 வரிசைப் பதிப்புகளில் ஏறத்தாழ 2 நொடிக்கு ஒருமுறை இணைப்பு மீண்டும் சரிபார்க்கப்படுகின்றது. படம் தோன்றிச் சில நொடிகளில் மறைந்து மீண்டும் தோன்றுவதற்கு இச்சரிபார்ப்பில் ஏற்படும் தோல்வியும் ஒரு காரணம் ஆகும்.

== அறிகுறிகளின் மூன்று வகைகள் ==

சிக்கலைப் பிரித்தறிய முதலில் நோக்க வேண்டியது ரிசீவரின் முகப்புத் திரை ஆகும். தொலைக்காட்சித் திரை முடிவை மட்டுமே காட்டும். முகப்புத் திரையோ கட்டளை சென்றடைந்ததா என்பதைக் காட்டும். இதனடிப்படையில் சிக்கல்களை மூன்றாகப் பகுக்கலாம்.

* உள்ளீட்டின் பெயர் மாறவில்லை எனில், கட்டளை ரிசீவரை அடையவில்லை அல்லது ஏற்கப்படவில்லை.
* பெயர் மாறியும் படமோ ஒலியோ வரவில்லை எனில், கட்டளை ஏற்கப்பட்டுள்ளது. குறை ஒதுக்கீட்டிலோ, வடத்திலோ, கருவிகளுக்கு இடையிலான உடன்பாட்டிலோ உள்ளது.
* கட்டளை இன்றியே பெயர் மாறுகின்றது எனில், வேறொரு கருவி கட்டளை இடுகின்றது அல்லது தேர்வுக்குமிழ் தேய்ந்துள்ளது.

== பெயர் மாறாதிருத்தல் ==

ரிமோட் எனப்படும் தொலையியக்கியால் உள்ளீடு மாறாமல், முகப்பில் உள்ள குமிழால் மாறினால், குறை ரிமோட்டில் அல்லது அதன் அமைப்பில் உள்ளது. மின்கலம் தீர்ந்திருத்தல், ரிசீவரின் அகச்சிவப்பு உணரியை ஏதேனும் ஒரு பொருள் மறைத்திருத்தல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குப் புலப்படாது. எனினும் பல கைப்பேசிகளின் படக்கருவி வழியாக நோக்கினால், பொத்தானை அழுத்தும்போது ரிமோட்டின் முனை ஒளிர்வதைக் காணலாம்.

இரண்டாம் மண்டல வசதி கொண்ட ரிசீவர்களில் வேறொரு காரணமும் உண்டு. இவை ஓர் அறையில் ஒரு மூலத்தையும் மற்றோர் அறையில் வேறொரு மூலத்தையும் இசைக்கவல்லவை. ரிமோட் தவறுதலாக இரண்டாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், அது இடும் கட்டளைகள் முதன்மை அறையின் உள்ளீட்டை மாற்றா. பழைய ரிசீவர்கள் பலவற்றில் இரண்டாம் மண்டலத்துக்கு ஒப்புமை ஒலி மட்டுமே செல்லும் என்பதால், எச்டிஎம்ஐயில் இணைக்கப்பட்ட கருவியை அங்குத் தேர்ந்தெடுத்தாலும் ஒலி எழாது.

குறிப்பிட்ட ஓர் உள்ளீடு மட்டும் வரிசையில் தோன்றாவிடில், அது அமைப்புப் பட்டியலில் மறைக்கப்பட்டிருக்கலாம். பயன்படுத்தாத உள்ளீடுகளை மறைக்கும் வசதி பல ரிசீவர்களில் உள்ளது.

== பெயர் மாறியும் படம் வராதிருத்தல் ==

இவ்வகையில் முதலில் ரிசீவரின் சொந்த அமைப்புப் பட்டியலைத் தொலைக்காட்சியில் தோன்றச் செய்து பார்க்க வேண்டும். அது தோன்றினால், ரிசீவரின் வெளியீடும், அங்கிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் வடமும் பொதுவாக இயங்குகின்றன எனக் கொள்ளலாம். குறையை மூலக்கருவியின் பக்கம் தேடலாம். அது தோன்றாவிடில், தொலைக்காட்சியில் ரிசீவருக்கு உரிய துளை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்பதையும், இரண்டு வெளியீடுகள் உள்ள ரிசீவரில் சரியான வெளியீடு இயக்கத்தில் உள்ளதா என்பதையும் காண வேண்டும்.

இதற்கு அடுத்த நிலையில் கருதத்தக்க காரணங்கள் வருமாறு.

* எச்டிசிபி பதிப்பு பொருந்தாமை: எச்டிசிபி 2.2 பதிப்பு 2013 இல் வெளியானது. அக்காலத்தை ஒட்டி வந்த ரிசீவர்களுள் சில 4கே படத்தை ஏற்றபோதிலும் இப்பதிப்பை ஏற்கவில்லை. வேறு சிலவற்றில் எல்லாத் துளைகளும் இதனை ஏற்கவில்லை. 2016 இல் விற்பனைக்கு வந்த அல்ட்ரா எச்டி புளூரே இயக்கிகளுக்கு இப்பதிப்பு தேவை. ஆகவே இயக்கியை வேறொரு துளைக்கு மாற்றினால் மட்டுமே படம் வரும் நிலை ஏற்படலாம். எந்தத் துளை ஏற்கும் என்பது கருவியின் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

* வடத்தின் கொள்ளளவு: 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 கிகாபிட் வரையும், 2.0 பதிப்பு 18 கிகாபிட் வரையும், 2.1 பதிப்பு 48 கிகாபிட் வரையும் தரவைக் கடத்தும். பழைய வடம் ஒன்று சாதாரண உயர்தெளிவுப் படத்தைச் சீராகக் காட்டிவிட்டு, நொடிக்கு 60 சட்டங்கள் கொண்ட 4கே படத்தில் தடுமாறக்கூடும். வடம் நீளும்தோறும் இக்குறை மிகும். ஒளியிழை கொண்ட நீண்ட எச்டிஎம்ஐ வடங்களுக்குத் திசை உண்டு. மூலக்கருவிக்கு உரிய முனையைத் தொலைக்காட்சியில் செருகினால் படம் வராது.

* உள்ளீட்டின் படநிலை அமைப்பு: பல ரிசீவர்களில் ஒவ்வோர் எச்டிஎம்ஐ துளைக்கும் "இயல்பு", "மேம்பட்டது" என்னும் பொருள்படும் நிலைகள் உள்ளன. இவை மூலக்கருவிக்கு அளிக்கப்படும் ஈடிஐடியை மாற்றுகின்றன. மேம்பட்ட நிலையில், வடம் தாங்காத அளவுக்குப் பெரிய படத்தை மூலக்கருவி அனுப்ப முற்படலாம். பழைய மூலக்கருவிகள் சில அந்த ஈடிஐடியைச் சரிவரப் படிக்காமல் விடுவதும் உண்டு. இயல்பு நிலைக்கு மாற்றியவுடன் படம் வந்தால் காரணம் தெளிவாகின்றது.

* பழைய உடன்பாடு நிலைத்திருத்தல்: தொலைக்காட்சியை மாற்றிய பின்னரும் மூலக்கருவி பழைய திறனை நினைவில் கொண்டிருக்கலாம். 19 ஆம் ஊசியின் மின்னழுத்தம் குறைந்தது 100 மில்லிநொடி தாழ்ந்து உயர்ந்தால், ஈடிஐடியை மீண்டும் படிக்க வேண்டும் என மூலக்கருவி அறிந்துகொள்ளும். வடத்தைக் கழற்றிச் செருகும்போது படம் வருவதற்கு இதுவே காரணம்.

== படம் வந்து ஒலி வராதிருத்தல் ==

ஒலி மட்டும் வராவிடில், முதலில் ரிசீவரின் எஃப்எம் வானொலியை அல்லது ஒலிபெருக்கிச் சோதனை ஒலியை இயக்கிப் பார்க்கலாம். அது கேட்டால் பெருக்கியும் ஒலிபெருக்கிகளும் நலமாக உள்ளன.

அடுத்து ஒலித் தேர்வு நிலையைப் பார்க்க வேண்டும். பல ரிசீவர்களில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தானியங்கி, எச்டிஎம்ஐ, எண்முறை, ஒப்புமை என நான்கு நிலைகள் உள்ளன. ஒப்புமை நிலையில் நிறுத்தப்பட்ட உள்ளீடு, எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியைப் பொருட்படுத்தாது. எச்டிஎம்ஐ ஒலியைத் தொலைக்காட்சிக்கே அனுப்பிவிடும் அமைப்பும் உண்டு. அந்நிலையில் ரிசீவரின் ஒலிபெருக்கிகள் அமைதியாகிவிடும்.

மூலக்கருவி அனுப்பும் ஒலி வடிவத்தை ரிசீவர் ஏற்காமையும் ஒரு காரணம். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவற்றைக் குறிவிலக்காமல் அனுப்பும் வசதி 2006 இல் வெளியான எச்டிஎம்ஐ 1.3 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ரிசீவருடன் இணைக்கும்போது, மூலக்கருவியின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் வடிவத்துக்கு மாற்றுதல் பயன்தரும்.

தொலைக்காட்சியின் சொந்தச் செயலிகளின் ஒலி வராவிடில், வடம் இருமுனையிலும் ஏஆர்சி என்று குறிக்கப்பட்ட துளைகளில் உள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும். இத்துளை தொலைக்காட்சியில் பொதுவாக ஒன்று மட்டுமே இருக்கும்.

== உள்ளீடு தானாக மாறுதல் ==

எச்டிஎம்ஐ வடத்தின் 13 ஆம் ஊசி, சிஇசி எனப்படும் கட்டுப்பாட்டுத் தடம் ஆகும். ஒரே ரிமோட்டால் எல்லாக் கருவிகளையும் இயக்குவதற்காக இது ஏற்படுத்தப்பட்டது. நிறுவனங்கள் இதற்குத் தத்தம் பெயர்களைச் சூட்டியுள்ளன. சோனி இதனைப் பிராவியா சிங்க் என்றும், சாம்சங் எனிநெட்+ என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், பானசோனிக் வியரா லிங்க் என்றும் அழைக்கின்றன.

இத்தடத்தில் தொலைக்காட்சியின் முகவரி 0.0.0.0 ஆகும். தொலைக்காட்சியின் முதல் துளையில் உள்ள ரிசீவர் 1.0.0.0 என்னும் முகவரியையும், அந்த ரிசீவரின் இரண்டாம் துளையில் உள்ள கருவி 1.2.0.0 என்னும் முகவரியையும் பெறும். ஒரு கருவி விழித்தெழும்போது "இனி நானே இயங்கும் மூலம்" என்னும் பொருள்படும் செய்தியைத் தன் முகவரியுடன் அனைத்துக் கருவிகளுக்கும் அனுப்புகின்றது. ரிசீவர் அதற்கு இணங்கி உள்ளீட்டை மாற்றுகின்றது. திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கையில் விளையாட்டுக் கருவி ஒன்று இயக்கத்துக்கு வந்து படத்தை மாற்றிவிடுவது இவ்வாறுதான்.

காரணமான கருவியைக் கண்டறிய, முதலில் ரிசீவரில் சிஇசியை நிறுத்திப் பார்க்க வேண்டும். சிக்கல் நின்றால், அதனை மீண்டும் இயக்கி, மூலக்கருவிகளில் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ரிசீவரில் சிஇசியை நிலையாக நிறுத்துவதில் ஓர் இழப்பு உண்டு: ஏஆர்சி பொதுவாக அதனைச் சார்ந்திருப்பதால், தொலைக்காட்சியின் ஒலி ரிசீவருக்கு வராமற் போகும். எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த ஈஏஆர்சி தனக்கெனத் தனி உரையாடல் வழியைக் கொண்டது. எனவே குற்றம் செய்யும் மூலக்கருவியில் மட்டும் சிஇசியை நிறுத்துவதே பொருத்தமானது.

சிஇசி நிறுத்தப்பட்ட பின்னரும் உள்ளீடு தாவினால், முகப்புக் குமிழைச் சோதிக்க வேண்டும். இது சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றும் ஓர் உறுப்பு. அதன் தொடுமுனைகள் அழுக்கடைந்தால் அல்லது தேய்ந்தால், ஒரு படி திருப்பும்போது இரண்டு மூன்று உள்ளீடுகள் தாண்டுவதும், எதிர்த்திசையில் மாறுவதும் நிகழும்.

== அமைப்பால் தீராத குறை: 2020 ஆம் ஆண்டு நிகழ்வு ==

எல்லாச் சிக்கல்களையும் பயனரே தீர்த்துவிட முடியாது என்பதற்கு 2020 ஆம் ஆண்டு நிகழ்வு சான்றாகும். எச்டிஎம்ஐ 2.1 கொண்ட முதல் தலைமுறை ரிசீவர்கள் அவ்வாண்டு சந்தைக்கு வந்தன. டெனன், மராண்ட்சு, யமாகா ஆகிய பெயர்களில் வந்த சில ரிசீவர்களில் அமைந்த எச்டிஎம்ஐ சில்லு ஒன்று, எக்சுபாக்சு சீரிசு எக்சு விளையாட்டுக் கருவி நொடிக்கு 120 சட்டங்கள் கொண்ட 4கே படத்தை அனுப்பும்போது அதனைச் சரிவரக் கடத்தவில்லை. திரை கருமையாயிற்று. வடத்தை மாற்றியோ மீளமைத்தோ இதனைச் சரிசெய்ய இயலவில்லை. பின்னர் டெனன், மராண்ட்சு பயனர்களுக்கு இணைப்புப் பெட்டி ஒன்று இலவசமாக வழங்கப்பட்டது. யமாகா சுற்றுப்பலகையை மாற்றித் தர முன்வந்தது.

இத்தகைய நிலையில் மாற்றுவழி ஒன்று உண்டு. மூலக்கருவியை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்து, ஒலியை மட்டும் ஈஏஆர்சி வழியாக ரிசீவருக்கு அனுப்பலாம். இதனால் ரிசீவரின் படச்சுற்று முற்றிலும் தவிர்க்கப்படுகின்றது. தொலைக்காட்சியும் ரிசீவரும் ஈஏஆர்சியை ஏற்பனவாக இருத்தல் வேண்டும்.

== பிரித்தறியும் ஒழுங்கு ==

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் இச்சோதனையின் அடிப்படை விதி. வடத்தையும் துளையையும் அமைப்பையும் ஒருங்கே மாற்றினால், படம் வந்தாலும் காரணம் தெரியாது. சிக்கல் மீண்டும் வரும்போது தொடக்கத்தில் இருந்தே தேட நேரும்.

1. முகப்புத் திரையில் உள்ளீட்டின் பெயர் மாறுகின்றதா எனப் பார்த்தல்.
2. அப்பெயருக்கு ஒதுக்கப்பட்ட துளையும், வடம் செருகப்பட்ட துளையும் ஒன்றா எனப் பார்த்தல்.
3. எல்லாக் கருவிகளையும் அணைத்து, மின்செருகிகளைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு, தொலைக்காட்சி, ரிசீவர், மூலக்கருவி என்னும் வரிசையில் இயக்குதல். பொத்தானால் அணைப்பது பெரும்பாலும் காத்திருப்பு நிலை மட்டுமே என்பதால் செருகியைக் கழற்றுதல் வேண்டும்.
4. அதே மூலக்கருவியை அதே வடத்தால் நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்தல். இங்கும் படம் வராவிடில் குறை மூலக்கருவியிலோ, வடத்திலோ, தொலைக்காட்சியிலோ உள்ளது.
5. நேரடியாக வந்தால், ரிசீவரில் நன்கு இயங்கும் மற்றொரு துளைக்கு அதனை மாற்றுதல். குறை துளையுடன் நின்றுவிடுகின்றதா, கருவியுடன் செல்கின்றதா என்பது இதனால் தெரியும்.
6. வேறு வடத்தால் சோதித்தல்.
7. மூலக்கருவியின் படநிலையை 1080 வரிகளுக்குக் குறைத்தல். குறைந்த நிலையில் படம் வந்தால் கொள்ளளவு அல்லது எச்டிசிபி பதிப்பு காரணமாகலாம்.
8. ரிசீவர், தொலைக்காட்சி, மூலக்கருவி ஆகியவற்றின் மென்பொருளைப் புதுப்பித்தல்.

மேற்கண்டவை பயன்தராதபோது ரிசீவரைத் தொழிற்சாலை நிலைக்கு மீளமைக்கலாம். இதனால் உள்ளீட்டு ஒதுக்கீடுகளுடன், ஒலிவாங்கி வைத்து அளந்த ஒலிபெருக்கித் தொலைவு, ஒலிமட்டம் முதலிய அளவீடுகளும் அழிந்துவிடும். ஆகவே அவற்றை முன்னரே குறித்துவைத்தல் அல்லது சேமித்தல் நன்று.

== வன்பொருட் பழுது ==

ஒரு துளை மட்டும் எந்தக் கருவியுடனும் எந்த வடத்துடனும் இயங்காவிடில், அத்துளை பழுதடைந்திருக்க வாய்ப்பு மிகுதி. வடத்தின் எடையால் செருகி தளர்தல், இடிமின்னலின்போது அலைவாங்கி வடம் வழியாக வரும் மிகை மின்னழுத்தம் ஆகியன இதற்குக் காரணமாகலாம். ரிசீவரில் வேறு துளை மீதமிருந்தால், உள்ளீட்டை அதற்கு ஒதுக்கிப் பயன்படுத்தலாம். எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒருங்கே செயலிழந்து வானொலி மட்டும் கேட்டால், எச்டிஎம்ஐ சுற்றுப்பலகையின் பழுதைக் கருதலாம். இதனைப் பயிற்சி பெற்றோரே சரிசெய்தல் வேண்டும்.

ரிசீவரின் மின்வழங்கிப் பகுதியில் உள்ள பெரிய மின்தேக்கிகள், செருகியைக் கழற்றிய பின்னரும் ஆபத்தான மின்னேற்றத்தைக் கொண்டிருக்கக்கூடும். எனவே பயிற்சி இல்லாதோர் மூடியைத் திறத்தல் ஆகாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, எந்தத் துளையில், எந்தக் கருவியுடன், எந்தப் படநிலையில் சிக்கல் தோன்றியது என்னும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், தேவையற்ற செலவும் காலமும் மிச்சமாகும்.

== இவற்றையும் பார்க்கவும் ==

* எச்டிஎம்ஐ
* ஒலிபெருக்கி
* புளூரே வட்டு
* தொலையியக்கி
* ரிலே